நேர்முகத் தேர்வில் நேர்மையும் பயனும்: உதவிப் பேராசிரியர் தேர்வில் கட்டமைக்கப்பட்ட முறையின் தேவை

ஆய்வுச்சுருக்கம்

பணியாளர் தேர்வில் நேர்முகத் தேர்வின் நேர்மையை உறுதிசெய்வதற்கு இந்திய நீதிமன்றங்கள் பெரும்பாலும் அதற்குரிய மதிப்பெண்ணின் அளவை வரையறுக்கும் வழியைப் பின்பற்றியுள்ளன. பணியாளர் தேர்வு குறித்த உளவியல் ஆய்வுகளோ மதிப்பெண்ணின் அளவைக் காட்டிலும் அது வழங்கப்படும் முறையே முதன்மையானது எனக் காட்டுகின்றன. இவ்விரு போக்குகளையும் ஒப்புநோக்கி, இறுதி முடிவு முழுவதும் நேர்முகத் தேர்வையே சார்ந்துள்ள உதவிப் பேராசிரியர் தேர்வில் கட்டமைக்கப்பட்ட நேர்முகத் தேர்வு ஏன் தேவைப்படுகிறது என்பதையும், அதனை எவ்வாறு நடத்தலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நேர்முகத் தேர்வு, கட்டமைப்பு, ஏற்புடைமை, மதிப்பீட்டு அளவுகோல், தேர்வுக் குழு, உதவிப் பேராசிரியர்.

முன்னுரை

பட்டப்படிப்பில் தொடங்கி முனைவர் பட்டம், தகுதித் தேர்வு, ஆய்வுக் கட்டுரைகள் என ஒருவர் கல்லூரி ஆசிரியப் பணிக்குத் தம்மைத் தகுதியாக்கிக்கொள்ளப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகலாம். அவரது பணிவாய்ப்பை முடிவுசெய்யும் உரையாடலோ சில நிமிடங்களில் முடிந்துவிடக் கூடியது. அச்சில நிமிடங்களில் என்ன கேட்கப்படுகிறது, அவ்விடைக்கு எதன் அடிப்படையில் மதிப்பெண் வழங்கப்படுகிறது என்பன தனிமனித வாழ்வை மட்டுமன்றி ஒரு துறையின் அடுத்த முப்பது ஆண்டுக் காலக் கல்விப் பணியையும் தீர்மானிக்கின்றன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியர் தேர்வுக்கான மதிப்பீட்டை மூன்றாகப் பகுத்திருந்தன. கல்வித் தகுதிக்கும் ஆய்வுச் செயல்பாட்டுக்கும் 50 விழுக்காடு, துறையறிவுக்கும் கற்பிக்கும் திறனுக்கும் 30 விழுக்காடு, நேர்முகத் தேர்வுக்கு 20 விழுக்காடு என்பது அப்பகுப்பு. 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்நிலையை மாற்றின. அவற்றின்படி கல்வித் தகுதி, ஆய்வு வெளியீடு, கற்பித்தல் அனுபவம் ஆகியவற்றுக்குரிய மதிப்பெண்கள் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட வேண்டியோரைப் பட்டியலிடுவதற்கு மட்டுமே பயன்படும். இறுதித் தேர்வு நேர்முகத் தேர்வில் வெளிப்படும் திறனை மட்டுமே சார்ந்திருக்கும். ஐந்தில் ஒரு பங்காக இருந்த நேர்முகத் தேர்வின் மதிப்பு இவ்வாறு முழுமையாக உயர்ந்தபோது, அதனை நடத்தும் முறைக்கும் அதே அளவு கவனம் அளிக்கப்பட்டதா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

மதிப்பெண் வரம்பு: நீதிமன்றத் தீர்ப்புகள்

நேர்முகத் தேர்வு குறித்த இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்னோடித் தீர்ப்புகளுள் ஒன்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் எழுந்தது. பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கு, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பானது. 1971ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றது. பாடங்களுக்கு 200 மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த 75 மதிப்பெண்ணை விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படைச் செயல்பாடு, பாடத்திட்டத்திற்கு அப்பாற்பட்ட சேவை, உடல்நிலையும் தாங்குதிறனும், பொதுத்திறன், நாட்டம் ஆகிய ஐந்து தலைப்புகளின்கீழ் வழங்க வேண்டும் என்பது விதி. தேர்வுக் குழுவோ தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக மதிப்பெண் வழங்கியது. இது விதிக்கு முரணானது என நீதிமன்றம் கண்டது. 275இல் 75 மதிப்பெண் என்பது மேலோட்டமான பார்வையிலேயே மிகையாகத் தோன்றுகிறது என்றும் குறிப்பிட்டது.

1981ஆம் ஆண்டின் அஜய் ஹாசியா எதிர் காலித் முஜிப் வழக்கு, ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றியது. அங்கு எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத் தேர்வுக்கு 50 என மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவரிடமும் இரண்டு அல்லது மூன்று நிமிடங்களே பேசப்பட்டது என்பதும், பெற்றோர், வசிப்பிடம் முதலிய தொடர்பற்ற வினாக்களே கேட்கப்பட்டன என்பதும் முறையீடு. மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என நீதிமன்றம் கருதியது. நேர்முகத் தேர்வை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்னும் பரிந்துரையும் அத்தீர்ப்பில் உண்டு.

1985ஆம் ஆண்டின் அசோக் குமார் யாதவ் எதிர் ஹரியானா மாநிலம் வழக்கில் குடிமைப் பணித் தேர்வு ஆராயப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 22.2 விழுக்காடாகவும் முன்னாள் படைவீரர்களுக்கு 33.3 விழுக்காடாகவும் இருந்த நேர்முகத் தேர்வு மதிப்பெண் மிகையானது எனக் கொண்டு, மத்தியத் தேர்வாணையம் அக்காலத்தில் பின்பற்றிய 12.2 விழுக்காட்டை நீதிமன்றம் பொதுப் பிரிவினருக்கான அளவாக எடுத்துக்காட்டியது.

இவற்றுக்கு மாறான நோக்குடையது 1981ஆம் ஆண்டின் லீலாதர் எதிர் ராஜஸ்தான் மாநிலம் என்னும் தீர்ப்பு. கல்லூரிச் சேர்க்கைக்கு வரும் இளையோரின் ஆளுமை முழுமையாக உருப்பெறாதது. பணித் தேர்வுக்கு வருவோரின் ஆளுமை முதிர்ந்தது. எனவே பணித் தேர்வில் நேர்முகத் தேர்வுக்குக் கூடுதல் மதிப்பளிக்கலாம் என அத்தீர்ப்பு வேறுபடுத்தியது. தலைப்புவாரியாக மதிப்பெண் வழங்கப்படவில்லை என்னும் வாதத்தையும் அது ஏற்கவில்லை. விதிகள் அவ்வாறு கோராத நிலையில் பிரித்து வழங்குவதா, ஒரே தொகுதியாக வழங்குவதா என்பது தேர்வுக் குழுவின் பொது முடிவுக்குரியது என்றது.

இத்தீர்ப்புகளை ஒருங்கே நோக்கின் ஓர் இடைவெளி புலப்படும். விதி தலைப்புகளை வகுத்திருந்தால் அவற்றைப் பின்பற்றியாக வேண்டும். விதி வகுக்காவிடில் மொத்த மதிப்பெண் போதும். ஆகவே முறையை வகுக்க வேண்டிய பொறுப்பு நீதிமன்றத்தைச் சார்ந்ததன்று. விதியை இயற்றுவோரையும் தேர்வை நடத்தும் நிறுவனத்தையும் சார்ந்தது.

வரம்பு மட்டும் போதாமை

நேர்முகத் தேர்வின் மதிப்பெண்ணைக் குறைப்பதால் அதன் செல்வாக்குக் குறைந்துவிடும் எனக் கருதுவது இயல்பு. ஆயினும் ஒரு தேர்வின் உண்மையான செல்வாக்கை அதற்கு ஒதுக்கப்பட்ட உச்ச மதிப்பெண் மட்டும் தீர்மானிப்பதில்லை. விண்ணப்பதாரர்களிடையே அம்மதிப்பெண் எவ்வளவு பரவியுள்ளது என்பதும் தீர்மானிக்கிறது.

எடுத்துக்காட்டாக, 1000 மதிப்பெண் கொண்ட எழுத்துத் தேர்வும் 120 மதிப்பெண் கொண்ட நேர்முகத் தேர்வும் நடைபெறுவதாகக் கொள்வோம். நேர்முகத் தேர்வின் பங்கு ஏறத்தாழ 10.7 விழுக்காடே. எழுத்துத் தேர்வில் முன்னிலை பெற்று அழைக்கப்பட்டோர் அனைவரும் 600 முதல் 640 வரை பெற்றிருக்க, நேர்முகத் தேர்வில் 40 முதல் 110 வரை வழங்கப்பட்டால் என்ன நிகழும்? எழுத்துத் தேர்வு உருவாக்கும் வேறுபாடு 40 மதிப்பெண். நேர்முகத் தேர்வு உருவாக்கும் வேறுபாடு 70 மதிப்பெண். தரவரிசையைப் பெரிதும் முடிவுசெய்வது சிறிய பங்குடைய நேர்முகத் தேர்வே ஆகிவிடும். அசோக் குமார் யாதவ் வழக்கிலும் இப்பரவல் வேறுபாட்டை நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

மற்றொரு வழி நேர்முகத் தேர்வையே நீக்குவது. மத்திய அரசு 2016 சனவரி 1 முதல் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் ‘பி’ பிரிவில் அரசிதழ்ப் பதிவு பெறாத பணிகளுக்கும் நேர்முகத் தேர்வைக் கைவிட்டது. எழுத்துத் தேர்வால் அளக்கத்தக்க பணிகளுக்கு இது பொருந்தும். வகுப்பறையில் பேசுதல், மாணவரின் ஐயத்தை உணர்தல், ஆய்வு வழிகாட்டல் ஆகியவற்றை உள்ளடக்கிய ஆசிரியப் பணிக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதுமானதாகாது. குறைக்கவும் நீக்கவும் இயலாத இடத்தில் எஞ்சுவது சீரமைத்தலே.

நேர்முகத் தேர்வின் ஏற்புடைமை

ஒரு தேர்வு எதனை அளக்க வேண்டுமோ அதனை அளக்கிறதா என்பதே ஏற்புடைமை. பணியாளர் தேர்வில் இது, தேர்வு மதிப்பெண்ணுக்கும் பின்னாளைய பணித்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழுவால் குறிக்கப்படும். கெழு சுழியமாயின் தொடர்பில்லை. ஒன்றை நெருங்க நெருங்கத் தொடர்பு வலுவாகும்.

பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட ஷ்மிட், ஹன்டர் ஆகியோர் 1998இல் கட்டமைக்கப்பட்ட நேர்முகத் தேர்வுக்கு 0.51, கட்டமைக்கப்படாததற்கு 0.38 என மதிப்பிட்டனர். பணியில் அமர்த்தப்பட்டோரின் தரவு மட்டுமே கிடைப்பதால் ஏற்படும் குறைவை ஈடுசெய்ய முன்னையோர் செய்த திருத்தங்கள் மிகையானவை எனச் சாக்கெட், ஜாங், பெரி, லீவன்ஸ் ஆகியோர் 2022இல் வாதிட்டு, அக்கெழுக்களை மறுமதிப்பீடு செய்தனர். அதன்படி கட்டமைக்கப்பட்ட நேர்முகத் தேர்வு 0.42 பெற்றுத் தேர்வு முறைகளின் வரிசையில் முதலிடம் அடைந்தது, கட்டமைக்கப்படாதது 0.19ஆகத் தாழ்ந்தது. நேர்முகத் தேர்வு என்னும் ஒரே பெயரால் அழைக்கப்படும் இரு முறைகளுக்கும் இடையே இருமடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு உள்ளது என்பதே இதன் பொருள்.

கட்டமைக்கப்படாத உரையாடல் எவ்வளவு குறைவாகவே பயன்படுகிறது என்பதை அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் அனுபவம் காட்டும். ஹூஸ்டன் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1979இல், சட்டமன்றத்தின் ஆணைப்படி, 150 மாணவர்களைச் சேர்த்தபின் மேலும் 50 பேரைச் சேர்க்க நேர்ந்தது. அந்த 50 பேரும் நேர்முகத் தேர்வுக்குப்பின் முதலில் மறுக்கப்பட்டவர்கள். பின்னர் இரு பிரிவினரையும் ஒப்பிட்டு 1987இல் வெளியான ஆய்வு, அவர்களது மருத்துவக் கல்விச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் கண்டது.

இவ்வாறிருந்தும் தேர்வாளர்கள் தம் கணிப்பில் உறுதி கொள்வது ஏன்? டானா, டாவ்ஸ், பீட்டர்சன் ஆகியோரின் 2013ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு விடை தருகிறது. அவ்வாய்வில் நேர்காணப்பட்டோருள் ஒரு பகுதியினர் வினாக்களுக்கு உண்மையைக் கூறாமல், வரையறுத்த ஒரு விதிப்படி தற்செயலான விடைகளை அளித்தனர். நேர்கண்டோர் அதனை உணரவில்லை. அவ்விடைகளிலிருந்தும் பொருத்தமான ஓர் ஆளுமைச் சித்திரத்தை உருவாக்கிக்கொண்டனர். கிடைக்கும் எதனையும் பொருளுடையதாகக் கோத்துக்கொள்ளும் மனத்தின் இயல்பே, பயனற்ற உரையாடலையும் பயனுள்ளதாகத் தோன்றச் செய்கிறது.

கட்டமைப்பின் கூறுகள்

கட்டமைப்பு என்பது ஒரே வினாத்தாளை வாசித்துக் காட்டுவதன்று. காம்பியன், பால்மர், காம்பியன் ஆகியோர் 1997இல் அதன் பதினைந்து கூறுகளைத் தொகுத்து, அவற்றை உள்ளடக்கம் சார்ந்தவை, மதிப்பீடு சார்ந்தவை எனப் பகுத்தனர். அவற்றுள் இன்றியமையாதனவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, பணிப் பகுப்பாய்வு. வினாக்கள் தேர்வாளரின் விருப்பத்திலிருந்து அல்லாமல் பணியின் தேவையிலிருந்து பிறக்க வேண்டும். ஃபிளானகன் 1954இல் விளக்கிய முக்கிய நிகழ்வு முறை இதற்கு உதவும். பணியில் இருப்போரிடம் மிகச் சிறப்பாகவும் மிகக் குறைவாகவும் செயல்பட்ட நிகழ்வுகளைக் கேட்டுப் பெற்று, அவற்றிலிருந்து தேவையான திறன்களை வரையறுப்பது அம்முறை.

இரண்டாவது, அனைவருக்கும் ஒரே வகை வினாக்கள். இவை இருவகைப்படும். லேதம் முதலானோர் 1980இல் முன்வைத்த சூழல் வினா, ஒரு சூழலை விவரித்து என்ன செய்வீர்கள் எனக் கேட்பது. ஜான்ஸ் 1982இல் ஆராய்ந்த நடத்தை வினா, கடந்த காலத்தில் உண்மையில் என்ன செய்தீர்கள் எனக் கேட்பது.

மூன்றாவது, முன்னரே எழுதப்பட்ட மதிப்பீட்டு அளவுகோல். ஒவ்வொரு மதிப்பெண்ணும் எத்தகைய விடைக்கு உரியது என்பது விண்ணப்பதாரர் உள்ளே வருமுன் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது, தனித்தனி மதிப்பீடு. குழுவினர் கலந்து பேசுமுன் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண் இட வேண்டும். இல்லையேல் முதலில் பேசுபவரின் அல்லது உயர்பதவியில் இருப்பவரின் கருத்தே குழுவின் கருத்தாகிவிடும். தனித்தனித் தலைப்புகளில் மதிப்பிடுவது, ஒரு சிறப்பு பிற அனைத்தையும் ஒளிரச் செய்யும் ஒளிவட்ட விளைவையும் கட்டுப்படுத்தும்.

டேனியல் கானமன் 1950களில் இஸ்ரேலியப் படைக்கு அமைத்த நேர்காணல் முறை இதற்குத் தக்க சான்று. ஆறு பண்புகளை வரையறுத்து, ஒன்றுக்கு மதிப்பெண் இட்டபின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும் என அவர் பணித்தார். நேர்காண்போர் தம் உள்ளுணர்வுக்கு இடமில்லை எனக் குறைபட்டனர். ஆறு மதிப்பெண்களையும் இட்டு முடித்தபின் ஒட்டுமொத்தக் கணிப்பு ஒன்றையும் அளிக்கலாம் என அவர் இணங்கினார். ஆறு மதிப்பெண்களின் கூட்டல் பழைய முறையைவிடச் சிறப்பாகக் கணித்தது. இறுதியில் இடப்பட்ட உள்ளுணர்வுக் கணிப்பும் அதற்கு இணையாக அமைந்தது. உள்ளுணர்வு பயனற்றதன்று, சான்றுகளைத் திரட்டியபின் வரவேண்டியது என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

உதவிப் பேராசிரியர் தேர்வில் பொருத்திப் பார்த்தல்

தமிழ்த்துறை உதவிப் பேராசிரியர் பணியை எடுத்துக்கொண்டால், பகுதி ஒன்று தமிழ் கற்பித்தல், சிறப்புத் தமிழ் மாணவர்க்குக் கற்பித்தல், ஆய்வு நேர்மையும் முறையியலும், மாணவர் வழிகாட்டல் ஆகியன அதன் முதன்மைக் கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று அல்லது இரண்டு வினாக்களை அமைக்கலாம்.

சூழல் வினாவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: “பிற துறை மாணவர் அறுபது பேர் கொண்ட பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் சிலர் பிழையின்றி எழுத இயலாதவர்கள், சிலர் இலக்கிய ஆர்வம் மிக்கவர்கள். அவ்வகுப்பில் சங்கப் பாடல் ஒன்றை முதன்முறையாக எவ்வாறு நடத்துவீர்கள்?” இதற்கான அளவுகோலை ஐந்து மதிப்பெண்ணுக்கு இவ்வாறு வரையலாம். திணை, துறை விளக்கத்தையும் உரையையும் மட்டும் ஒப்புவிப்பதாகக் கூறுவது 1 மதிப்பெண். பாடலின் சூழலை விளக்கி எளிய சொற்களில் பொருள் கூறுவதாகச் சொல்லி, மாணவர் வேறுபாட்டைக் கருதாமை 3 மதிப்பெண். இரு வகை மாணவர்க்கும் உரிய செயல்பாட்டைத் தனித்தனியே கூறி, புரிதலைச் சோதிக்கும் வழியையும் சுட்டுவது 5 மதிப்பெண். இடைப்பட்ட விடைகளுக்கு 2, 4 ஆகியன உரியன.

நடத்தை வினாவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: “உங்கள் ஆய்வில் முன்னர்க் கொண்டிருந்த கருத்துக்கு மாறான சான்று கிடைத்த ஓர் இடத்தைக் கூறுக, அதனை எவ்வாறு எதிர்கொண்டீர்கள்?” தம் ஆய்வைத் தாமே நிகழ்த்தியவர் இதற்குக் குறிப்பான விடை கூற இயலும். நெறியாளர் யார், சொந்த ஊர் எது, எந்தக் கல்லூரியில் பயின்றவர் என்னும் வழக்கமான தொடக்க வினாக்கள் இவ்வாறு எதனையும் வெளிப்படுத்துவதில்லை. அவை விண்ணப்பத்திலேயே உள்ளவை. சாதி, வட்டாரம், குழுச் சார்பு ஆகியன நுழைவதற்கு வாயிலாகவும் அமைபவை.

கற்பிக்கும் திறனையும் ஆய்வு நாட்டத்தையும் வகுப்பறைச் சூழலில் விரிவுரை, கருத்தரங்கம் ஆகியவற்றின் வழி மதிப்பிட மானியக் குழுவின் விதிமுறைகளே இடமளிக்கின்றன. எனவே பத்து நிமிட மாதிரி வகுப்பை அனைவருக்கும் ஒரே பாடப்பகுதியில் நடத்தச் செய்து, அதற்கும் அளவுகோல் வகுப்பது விதிக்கு உட்பட்டதே. தேர்வுக் குழுவில் வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்கள் இடம்பெறுவதால், முற்பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வினாக்களையும் அளவுகோலையும் அவர்களுடன் இறுதிசெய்வதும் இயலக்கூடியதே.

எதிர்வாதங்களும் வரம்புகளும்

கட்டமைப்பு உரையாடலின் உயிர்ப்பைக் கெடுக்கும் என்பது முதல் எதிர்வாதம். தெளிவுபடுத்தும் துணை வினாக்களை அனைவருக்கும் பொதுவாக முன்னரே வகுத்துக்கொண்டால் இக்குறை பெரிதும் நீங்கும். ஆழ்ந்த புலமையை இம்முறை அளக்காது என்பது இரண்டாவது. புலமையை அளக்கும் வினாக்களையும் அளவுகோலுடன் அமைக்கத் தடையில்லை; புலமை என்பதால் எதனைக் கருதுகிறோம் என்பதைக் குழு முன்னரே வரையறுக்க வேண்டியிருக்கும் என்பதே வேறுபாடு.

ஒரே வினாக்கள் என்பதால், முதலில் வந்தவர் வெளியே சென்று அடுத்தவருக்குச் சொல்லிவிடுவார் என்பது நடைமுறைச் சிக்கல். ஒரே திறனை ஒரே கடினத்தில் அளக்கும் இணை வினாத்தொகுதிகளை உருவாக்கிக் குலுக்கல் முறையில் வழங்குவதும், முடித்தவரும் காத்திருப்பவரும் சந்திக்காதவாறு அறைகளை அமைப்பதும் இதற்குத் தீர்வாகும்.

சமூகப் பிரிவுகளுக்கிடையிலான மதிப்பெண் வேறுபாடு உயர்நிலைக் கட்டமைப்புடைய நேர்முகத் தேர்வுகளில் குறைவாக இருப்பதை ஹஃப்கட், ராத் ஆகியோர் 1998இல் அமெரிக்க இனக்குழுத் தரவுகளின்வழிக் காட்டினர். அம்முடிவை இந்தியச் சாதியச் சூழலுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. எனினும் மதிப்பீட்டாளரின் விருப்புவெறுப்பு நுழையும் இடங்களைக் குறைப்பது என்னும் அடிப்படை இங்கும் பொருந்தும். கட்டமைப்பு இடஒதுக்கீட்டுக்கு மாற்றன்று. ஒவ்வொரு பிரிவினுள்ளும் தகுதியுடையோரை இனங்காணும் கருவி மட்டுமே.

முன்னரே முடிவுசெய்துவிட்ட ஒரு குழுவை எந்த அளவுகோலும் முழுமையாகத் தடுத்துவிடாது என்பதையும் ஏற்க வேண்டும். ஆயினும் மொத்தமாக இடப்பட்ட ஒரு மதிப்பெண்ணை எவராலும் கேள்விக்குட்படுத்த இயலாது. வினா, அளவுகோல், விடைக்குறிப்பு, ஒவ்வோர் உறுப்பினரின் தனி மதிப்பெண் ஆகியன ஆவணமாகும்போது, நேர்மையற்ற முடிவு தன் தடத்தை விட்டுச் செல்கிறது. நேர்மையான குழுவுக்கோ அதே ஆவணம் பாதுகாப்பாகிறது.

முடிவுரை

நேர்முகத் தேர்வின் நேர்மை பற்றிய இந்திய விவாதம் எத்தனை விழுக்காடு என்னும் வினாவைச் சுற்றியே பெரிதும் வளர்ந்துள்ளது. பெரியகருப்பன் வழக்கில் தலைப்புவாரி மதிப்பெண் என்னும் வேறொரு வினா எழுந்தது; லீலாதர் வழக்கு அதனை விதியின் கையிலும் குழுவின் கையிலும் விட்டது. நேர்முகத் தேர்வே முழு முடிவாகிவிட்ட உதவிப் பேராசிரியர் தேர்வில் விழுக்காட்டு வரம்பு என்னும் பாதுகாப்புக்கு இடமில்லை. எஞ்சியுள்ள பாதுகாப்பு முறை சார்ந்ததே. பணியிலிருந்து பிறந்த வினாக்கள், முன்னரே எழுதிய அளவுகோல், தனித்தனி மதிப்பீடு, ஆவணம் ஆகிய நான்கையும் பல்கலைக்கழகங்கள் தம் தேர்வு நடைமுறை விதிகளிலேயே சேர்த்துக்கொள்ளலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. விதியில் இடம்பெற்றபின் அவை குழுவின் விருப்பத்துக்கு விடப்படா, கட்டுப்படுத்தும் நெறிகளாகும். அவ்வாறு அமையும்போது தேர்வு பெறாத விண்ணப்பதாரரும் தாம் எதில் குறைந்தார் என்பதை அறிந்து அறையைவிட்டு வெளியேற இயலும்.